முடிவு தெரிந்த பின்னும் நிற்கிற பயம்

எங்கள் ஆயாவுக்குத் தெரிந்த பேய்க்கதை நான்கைந்துதான். அதிலும் காட்டேரிக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கரும்புத் தோட்டத்துப் பேரக்ஸில் இருக்கிற பிள்ளைத்தாச்சி ஒருத்தி உச்சி வேளையில் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போவாள். பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல் பேர் சொல்லிக் கூப்பிடும். முதல் தடவை பேசாமல் நடப்பாள். இரண்டாம் தடவை "என்னம்மா?" என்று திரும்பிவிடுவாள். அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், மதராஸ் ஜில்லாவில் இருக்கிறாள் என்பது திரும்பின பிறகுதான் அவளுக்கு நினைவு வரும்.

முடிவு எனக்கு மனப்பாடம். ஆனாலும் "என்னம்மா?" என்ற இடம் வரும்போது ஆயாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வேன். பயக்கதை ஒன்றை எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் அதுதான். கடைசித் திருப்பம் தெரிந்த பிறகு, இரண்டாம் தடவை கேட்கும்போதோ பார்க்கும்போதோ பயம் மிஞ்சுகிறதா? 1959 முதல் 1964 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'தி ட்வைலைட் ஸோன்' தொடரின் எபிசோடுகளை இந்தக் கல்லால் நிறுத்துப் பார்த்தால், எல்லாரும் தலைமேல் தூக்கி வைத்திருக்கும் சில எபிசோடுகள் இறங்கிப்போகின்றன. வேறு சில மேலே ஏறுகின்றன. எவை, ஏன் என்று டர்பனில் வளர்ந்த ஒருவனின் கண்ணால் சொல்லிப் பார்க்கிறேன்.

வாரம் ஒரு கதை, வாரம் வேறு ஆட்கள், முன்வாரக் கதைக்கும் இந்த வாரத்துக்கும் ஒட்டில்லை. இந்த வடிவம் தென்னாப்பிரிக்காவுக்கு முதலில் காது வழியாகத்தான் வந்தது. இங்கே தொலைக்காட்சி தொடங்கியதே 1976 ஜனவரி 5 அன்றுதான். தபால் தந்தி அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்ஸாக் அந்தப் பெட்டி நாட்டைக் கெடுத்துவிடும் என்று வருஷக்கணக்கில் மறித்து நின்றார். 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்ததை உலகமே வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது, நம் பெற்றோர் வானொலியில் கேட்டார்கள். அந்த நாட்களில் ஸ்பிரிங்பாக் ரேடியோவில் 'தி கிரீக்கிங் டோர்' என்ற திகில் நாடகத் தொடர் வந்தது. கதவு கிறீச்சிட்டுத் திறந்ததும் வீட்டில் விளக்கைத் தணிப்பார்களாம். என் அப்பா இன்றும் அந்தக் கதவுச் சத்தத்தை வாயாலேயே போட்டுக்காட்டுவார்.

'ட்வைலைட் ஸோன்' என் கைக்கு வந்தது 1980களின் கடைசியில், டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளில். கறுப்பு வெள்ளைப் படம், அரை மணி நேரம், முன்னால் வந்து நின்று பேசும் கோட்டுக்காரர். பக்கத்தில் எப்போதும் ஆயா. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பார்ப்பார். கோயில் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை படித்ததைவிட, அந்தக் கேசட்டுகளை ஆயாவுக்கு விளக்கிச் சொன்னதில்தான் எனக்குத் தமிழ் வாயில் நின்றது.

அந்தக் கோட்டுக்காரர் ராட் செர்லிங். 156 எபிசோடுகளில் 92ஐ அவரே எழுதினார். இரண்டாம் உலகப்போரில் பாராசூட் படைவீரராக பிலிப்பைன்ஸில் சண்டை போட்டவர். பேய் பிசாசில் ஆசை கொண்டு அவர் இந்தத் தொடருக்கு வரவில்லை. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். கொன்றவர்களை, வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரி விடுதலை செய்தது. இதை மனதில் வைத்து செர்லிங் எழுதிய 'நூன் ஆன் டூம்ஸ்டே' நாடகம் 1956இல் ஒளிபரப்பானபோது அடையாளமே தெரியாமல் போயிருந்தது. விளம்பரதாரர்களுக்கு அமெரிக்கத் தென்பகுதியில் வியாபாரம் கெட்டுவிடுமோ என்ற அச்சம். கதையை வடக்கே நியூ இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். தெற்கத்தி வாடை அடிக்கும் என்று கோகா-கோலா பாட்டிலைக்கூட எடுக்கச் சொன்னார்கள்.

அங்கேதான் அவருக்கு வழி பிடிபட்டது. ஒரு செனட்டர் பேசக்கூடாததைச் செவ்வாய்க் கிரகத்தான் பேசலாம். விளம்பரதாரர் கேட்கமாட்டார். பட்டியல் போட்டுப் புத்தகம் தடை செய்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் உடனே புரியும். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைக் கேலி பண்ணுகிற மாதிரிதான். மாரியம்மன் திருவிழா இரவுகளில் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்குப் புதிதா இது?

இனி எபிசோடுகள்.

'டு சர்வ் மேன்' (1962). ஒன்பது அடி உயர வேற்றுக்கிரகத்தார் வருகிறார்கள். பசியை ஒழிக்கிறார்கள், போரை நிறுத்துகிறார்கள். ஐநாவில் விட்டுப்போன அவர்களுடைய புத்தகத்தின் தலைப்பை மட்டும் படிக்க முடிகிறது. மனிதனுக்குத் தொண்டு செய்வது பற்றிய புத்தகம் என்று எல்லாரும் நிம்மதியாகி, கூட்டம் கூட்டமாக அவர்கள் கிரகத்துக்குக் கப்பலேறுகிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, அது சமையல் புத்தகம். சிறந்த எபிசோடுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது முன்வரிசையில் இருக்கும். எனக்கு ஒப்பவில்லை. இதன் முழுக் கனமும் 'சர்வ்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின் மேல் நிற்கிறது. ஆயாவுக்கு இதைத் தமிழில் சொல்லப் போனேன், வாயைத் திறந்ததுமே மாட்டிக்கொண்டேன். 'மனுசனுக்குப் பரிமாறுறது' என்றால் தொண்டு. 'மனுசனைப் பரிமாறுறது' என்றால் கறி. தமிழில் வேற்றுமை உருபு போடாமல் வாக்கியம் நகராது. போட்டால் ரகசியம் வெளியே வந்துவிடும். நான்காம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் இடையில் அந்தத் திருப்பம் செத்துப்போனது. மொழி மாறினால் காணாமல்போகிற பயத்தைப் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கப்பலேறும் காட்சியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்ல வேலை, நல்ல சாப்பாடு என்ற வாக்கை நம்பி வரிசையில் நின்று ஏறுகிற அந்தச் சிரித்த முகங்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி டர்பனில் வந்து நின்ற 'ட்ரூரோ' கப்பலின் வழிவந்தவர்களுக்கு அந்த வரிசையைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

'டைம் எனஃப் அட் லாஸ்ட்' (1959) அதைவிடப் பேர்போனது. படிக்க நேரமே கிடைக்காத வங்கிக் காசாளர் ஒருவர். அணுகுண்டு விழுந்து ஊரே அழிந்தபின் நூலகப் படிகளில் புத்தகக் குவியலோடு தனியாக உட்காருகிறார். மூக்குக் கண்ணாடி விழுந்து உடைகிறது. முதல் தடவை பார்க்கும்போது நெஞ்சு பதறும். இரண்டாம் தடவை பார்த்தால் இருபது நிமிஷமும் கண்ணாடி எப்போது உடையும் என்று காத்திருப்பதாகப் போய்விடுகிறது. படிப்பு ஆசையைத் தவிர வேறு குற்றம் செய்யாத மனுஷனுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்ற கோபமும் எனக்கு ஆறவில்லை. கரும்பு வெட்டிவிட்டு வந்து சிம்னி வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிய தாத்தாக்களின் பேரன் நான்.

ஆனால் நடுவில் ஒரு காட்சி இருக்கிறது. மனைவி தேன்போல வந்து, கவிதை படித்துக் காட்டுங்கள் என்கிறாள். அவர் குழந்தையைப் போலச் சந்தோஷப்பட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார். ஒவ்வொரு வரியும் மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. அவள் வேலை. அணுகுண்டைவிட அந்த மைக்கோடுகள்தான் என்னைப் பயமுறுத்துகின்றன. எத்தனை தடவை பார்த்தாலும்.

'நைட்மேர் அட் 20,000 ஃபீட்' (1963) விமான இறக்கைமேல் உட்கார்ந்திருக்கும் ஜந்துவுக்காகப் பேசப்படுகிறது. ஜந்து எனக்குப் பஞ்சு பொம்மையாகத்தான் தெரிகிறது. மனநோய் தீர்ந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர், கண்ணால் பார்த்ததைச் சொன்னால் மறுபடி பைத்தியம் என்பார்களே என்று விழுங்குகிறாரே, அந்த முகம்தான் எபிசோடு. 'தி ஹிட்ச்-ஹைக்கர்' (1960) நமக்கு அந்நியமே இல்லை. கரூவில் யூனியன்டேல் சாலையில் வண்டி ஏறிக் காணாமல்போகும் பெண், சாட்ஸ்வொர்த்தில் ஹிக்கின்சன் ஹைவேயில் நிற்கும் ஹைவே ஷீலா என்று நம் ஊர்க் கதைகளே போதும். எபிசோடில் வண்டி ஓட்டுகிறவளே உயிரோடில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பொம்மைக் கதை 'லிவிங் டால்' (1963) பற்றி ஒரு வார்த்தை. பேசுகிற பொம்மை, 'உன்னைக் கொல்லப் போகிறேன்' என்று மாற்றான் தகப்பனிடம் சொல்கிறது. பொம்மையை மறந்துவிட்டு அந்த வீட்டைப் பாருங்கள். தகப்பன் எதிரே வந்ததும் அந்தச் சின்னப்பெண்ணின் தோள் எப்படி ஒடுங்குகிறது என்று பாருங்கள். பொம்மை வருவதற்கு முன்பே அந்த வீட்டில் பயம் குடியிருக்கிறது. முடிவு தெரிந்தாலும் அது போகவில்லை.

குரல் கதைகள் இரண்டு. 'நைட் கால்' 1963 நவம்பர் 22 அன்று வரவேண்டியது. கென்னடி சுடப்பட்ட நாள் அது என்பதால் 1964 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. தனியாக இருக்கும் கிழவிக்கு ராத்திரியில் தொலைபேசி வருகிறது. யாரோ முனகுகிறார்கள். என்னை விட்டுவிடு என்று கத்துகிறாள். கம்பி அறுந்து விழுந்து கிடப்பது கல்லறைமேல் என்றும், அது அவள் வாலிபத்தில் செத்துப்போன வருங்காலக் கணவனுடையது என்றும் பிறகு தெரிகிறது. ஆசையோடு மறுபடி பேசுகிறாள். நீதான் விட்டுவிடச் சொன்னாய், நான் எப்போதும் நீ சொன்னபடிதானே செய்வேன் என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றுபோகிறது. இரண்டாம் தடவை பார்க்கும்போது அவள் கத்துகிற ஒவ்வொரு கத்தலும் நம்மைக் குத்துகிறது. முடிவு தெரிந்தால் வலி கூடுகிற அபூர்வமான கதை. செத்தவர்களுக்கு வருஷா வருஷம் அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறவர்களுக்கு இதில் பேய் தெரியாது, பசி தெரியும்.

'லாங் டிஸ்டன்ஸ் கால்' (1961) இதற்கு நேர் எதிர். செத்த பாட்டி, பொம்மைத் தொலைபேசியில் ஐந்து வயதுப் பேரனைத் தன்னிடம் வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பையன் வண்டிக்கு முன்னால் போய் நிற்கிறான். செலவைக் குறைக்க வீடியோ டேப்பில் எடுத்த ஆறு எபிசோடுகளில் இது ஒன்று. படம் தட்டையாக, மேடை நாடகம்போலத்தான் இருக்கும். ஆயாவுக்கு வந்த கோபம் மறக்காது. "பேரப்பிள்ளைய எந்தப் பாட்டியாவது கூப்பிடுவாளா? அது பாட்டியில்லடா தம்பி, பாட்டி கொரல்ல வந்த காட்டேரி" என்று எழுந்துபோய் சாமி விளக்கைத் தூண்டிவிட்டு வந்தார். கதையை ஆயா திருத்திய விதம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

'இட்ஸ் எ குட் லைஃப்' (1961) பற்றி நின்று பேசவேண்டும். ஆறு வயதுப் பையன் நினைத்தது நடக்கும். பிடிக்காதவர்களைச் சோளக்காட்டுக்கு அனுப்பிவிடுவான். ஆகவே ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டு, 'நல்லதுதான் செய்தாய் கண்ணு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிறந்தநாள்காரர் ஒருவர் குடித்துவிட்டு வெடிக்கிறார். அவன் என்னையே பார்க்கிறான், யாராவது பின்னாலிருந்து அடியுங்களேன் என்று கெஞ்சுகிறார். அத்தை ஒருத்தியின் கை அடுப்புக் கம்பிவரை போகிறது. நின்றுவிடுகிறது. அவர் பொம்மையாகிவிடுகிறார். அடுத்த நொடி எல்லாரும் 'நல்லது' என்கிறார்கள். முதல் தடவை பையனைப் பார்த்துப் பயந்தேன். அடுத்த தடவையிலிருந்து அந்தக் கையைத்தான் பார்க்கிறேன். 1967ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இந்த நாட்டில் விசாரணையில்லாமல் யாரையும் எத்தனை நாளும் அடைத்துவைக்க வழி செய்தது. அரசியல் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் பெரியவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். கை கம்பிவரை போய் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' 1960 மார்ச் 4 அன்று வந்தது. அதற்குப் பதினேழாம் நாள் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான், ஆனாலும் இரண்டு தேதியும் என் மனதில் பக்கத்தில் பக்கத்திலேயே கிடக்கின்றன. சாயங்காலத் தெரு. மேலே ஏதோ மின்னிவிட்டுப் போகிறது. கரண்ட் போகிறது, தொலைபேசி இல்லை, வண்டி கிளம்பவில்லை. ஒரு சிறுவன் தான் படித்த கதையைச் சொல்கிறான், வேற்றுக்கிரகத்தார் மனுஷ வேஷத்தில் ஒரு குடும்பத்தை முன்னாடியே அனுப்பிவைப்பார்களாம். அவ்வளவுதான். ஒருவர் வண்டி மட்டும் தானாகக் கிளம்புகிறது, அவர் ராத்திரி தூக்கம் வராமல் வானத்தைப் பார்ப்பவர், ஆகவே அவர்தான். இருட்டில் யாரோ நடந்து வருகிறார்கள். சார்லி என்பவன் சுட்டுவிடுகிறான். கிட்டப் போய்ப் பார்த்தால், பக்கத்துத் தெருவில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துவரப் போன அண்டைவீட்டுக்காரர்.

கடைசியில் குன்றின்மேல் நிஜமாகவே இரண்டு வேற்றுக்கிரகத்தார் நின்று இதையெல்லாம் பார்க்கிறார்கள். சில மெஷினை நிறுத்தினால் போதும், மிச்சத்தை மனுஷர்களே செய்துகொள்வார்கள் என்கிறார்கள். எனக்கு அந்தக் குன்றுக் காட்சியே வேண்டாம். அவர்கள் இல்லாமலே கதை முழுமையாக இருக்கிறது. அவர்களைக் காட்டியதும் நமக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது.

சாக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2021 ஜூலையில் நாங்கள் அந்தத் தெருவில் நின்றோம். முன்னாள் ஜனாதிபதி ஜூமா சிறைக்குப் போன அந்த வாரம் குவாசூலு-நட்டாலிலும் கௌடெங்கிலும் கலவரம் பரவி 350க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடைகள் எரிந்தன, ரொட்டி இல்லை, போலீஸ் வரவில்லை. இந்தியர் அதிகம் இருக்கும் பகுதிகளில் தெருமுனைகளில் டயரும் மரமும் போட்டு மறித்து, ராத்திரி முழுக்க ஆண்கள் காவல் நின்றார்கள். 1949 ஜனவரியில் டர்பனில் 142 பேர் செத்த ஆப்பிரிக்கர்-இந்தியர் கலவரத்தைப் பெரியவர்கள் நடுங்கிக்கொண்டே ஞாபகப்படுத்தினார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் டர்பனுக்கு வடக்கே இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸிலும் அதைச் சுற்றியும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வேலைக்குப் போனவர்களும் வீட்டுக்குத் திரும்பினவர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்கள் முனையில் யாரும் சுடவில்லை. ஆனால் நானும் ஒரு கட்டையோடு நின்றேன். வாட்ஸ்அப்பில் 'லாரி நிறைய வர்றாங்க' என்ற குரல் ஒவ்வொரு பத்து நிமிஷமும் வந்தது. ஒரு லாரியும் வரவில்லை. நடுராத்திரி தனியாக நடந்து வந்த ஒருவர்மேல் ஏழெட்டு டார்ச் ஒரே நேரத்தில் விழுந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கினார். பக்கத்து மருத்துவமனையில் ராத்திரி வேலை பார்க்கிறவர். நாங்கள் வழிவிட்டோம். அவர் போனபின்னும் கை தூக்கின அந்த நிழல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. சார்லியின் கையில் துப்பாக்கி, என் கையில் கட்டை. அதற்குமேல் எங்களுக்குள் எவ்வளவு தூரம் இருந்தது என்று இன்றும் கணக்குப் பார்க்கிறேன். ஆகவே இந்த எபிசோடுக்கு மார்க் போட எனக்கு அருகதை இல்லை. இரண்டாம் தடவை என்ன, மறுபடி பார்க்கவே தைரியம் வர எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

மிச்சம் இருப்பது 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' (1960). 156இல் என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல். முகம் முழுக்கக் கட்டுப்போட்ட ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். அவள் முகத்தைச் சரிசெய்ய இது பதினோராவது சிகிச்சை. பதினொன்றுக்குமேல் அரசாங்கம் அனுமதிக்காது. டாக்டரும் நர்ஸும் அன்பாகப் பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் முகத்தை நமக்குக் காட்டவே மாட்டார்கள். முதுகு, நிழல், கை, சிகரெட் புகை. இயக்குநர் டக்ளஸ் ஹேயஸ் இருபது நிமிஷம் இப்படியே ஓட்டுகிறார். கட்டு அவிழ்கிறது. மாற்றமே இல்லை என்று டாக்டர் பின்வாங்குகிறார். நம் கண்ணுக்கு அவள் அழகி. விளக்கு எரிகிறது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் பன்றி மூக்கும் கோணின வாயும். அவள் ஓடுகிறாள். சுவரெங்கும் திரைகளில் தலைவர் ஒருவர், எல்லாரும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

திருப்பம் தெரிந்தபின் இது தளரவேண்டும் அல்லவா? இன்னும் இறுகுகிறது. இரண்டாம் தடவை நாம் கேட்பது அந்த அன்பான குரல்களை. ஒருத்தர் வித்தியாசமாக இருந்தால் என்ன குற்றம் என்று டாக்டர் மெல்லக் கேட்கிறார். அது தேசத்துரோகம் என்று நர்ஸ் எச்சரிக்கிறாள். டாக்டர் நல்லவர்தான். அந்த நல்ல டாக்டர்தான் அரசாங்கத்தின் விதியை எடுத்துச் சொல்கிறார். 1950இல் இங்கே மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. கறுப்பரா, வெள்ளையரா, கலப்பினமா என்று முகத்தையும் முடியையும் பார்த்து ஆபீஸர்கள் எழுதினார்கள். தலைமுடியில் பென்சில் செருகிப் பார்த்து, விழுகிறதா நிற்கிறதா என்று ஜாதி சொன்னார்கள். அதே வருஷம் குரூப் ஏரியாஸ் சட்டம், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்டது. இரண்டும் 1991வரை இருந்தன. அந்த ஆபீஸர்களும் வீட்டில் நல்ல தகப்பன்மாராகத்தான் இருந்திருப்பார்கள்.

எபிசோடு பெண்ணை யாரும் கொல்வதில்லை. அவளைப் போலவே 'அவலட்சணமான' ஓர் ஆண், நமக்கு அழகனாகத் தெரிகிறவன், வந்து கனிவாகக் கூப்பிடுகிறான். உன்னைப் போன்றவர்கள் சேர்ந்து வாழ ஒரு கிராமம் இருக்கிறது, அங்கே உனக்கு நல்லாயிருக்கும் என்கிறான். கைபிடித்து நடக்கிறார்கள். பார்க்கிறவர்கள் பலர் இதை ஆறுதலான முடிவு என்கிறார்கள்.

ஆயா டர்பன் கார்ப்பரேஷன் தொழிலாளர்கள் இருந்த மேகசின் பேரக்ஸில் வாழ்க்கைப்பட்டவர். அங்கேதான் அவருக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தன. கடலும் மார்க்கெட்டும் நடந்துபோகிற தூரம். 1960களில் லாரியில் சாமானை ஏற்றி சாட்ஸ்வொர்த் யூனிட் 3இல் இறக்கிவிட்டார்கள். உங்க ஜனங்களோடே சேர்ந்து இருக்கலாம், குழாய் தண்ணி, தனி வீடு என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். பன்றி மூக்கு வந்தபோது ஆயா அசையவே இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அந்தப் பொண்ணப் போகச் சொல்ற ஊரு எவ்ளோ தூரம்னு சொன்னானா தம்பி? பஸ்ஸு இருக்காமா?"